அஞ்சிய மனம் பிறர் வயம்



ஒருவனுடைய மனத்தை மற்றொருவன் தன் வயமாக்கிக் கொள்ள இயலுமோ என வினவுவாருண்டு. இயலும். அதற்கு மையும் மந்திரமும் வேண்டுவதில்லை. கதவை உடைக்கவும் வேண்டுவதில்லை. தாழை உள்ளிருந்து திறந்து விடுவது நம் மனமே.

‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்னும் மோசடியைப் பெங்களூரில் அறியாதார் இலர். போலீஸ் உடை தரித்தவன் கைப்பேசித் திரையில் தோன்றி, “உன் பெயரில் வந்த பார்சலில் போதைப் பொருள் அகப்பட்டது, காமிராவை விட்டு அகலாதே, எவரிடமும் பேசாதே” என்கின்றான். கேட்டவர் தம் வீட்டிலேயே கைதியாய் அமர்ந்து, வாழ்நாட் சேமிப்பை அனுப்பி விடுகின்றார். அத்தகைய கைது நம் சட்டத்தில் இல்லையென 2024 அக்டோபர் 27இல் பிரதமரே வானொலியில் எச்சரித்தார். ஏமாந்தவருள் கணினிப் பொறியாளரும் உளர். ஆதலின் கல்லாமையே காரணமென்று கூறுதல் பொருந்தாது.

பின்னர் யாது காரணம்? சிகாலன் என்னும் இல்லறத்தானுக்கு உபதேசிக்கையில், மாந்தர் தீவினையிற் புகும் வாயில்கள் நான்கெனப் பகவன் புத்தர் வகுத்தருளினார். அவை ஆசை, பகை, மயக்கம், அச்சம் என்பன. நம்மை ஆள விரும்புவோன் இந்நான்கில் ஒன்றையே தட்டுகின்றான். பெருவட்டி தருவேன் என்பான் ஆசையைத் தட்டுகின்றான். வதந்தி பரப்புவோன் அச்சத்தையும் பகையையும் ஒருங்கே தட்டுகின்றான். 2018 மே மாதத்தில், பிள்ளை பிடிப்போர் வந்துள்ளனர் என்னும் வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கூட்டம், ராஜஸ்தானிலிருந்து பிழைக்க வந்த இளைஞர் ஒருவரைச் சாம்ராஜ்பேட்டையில் அடித்துக் கொன்றது.

இந்நான்கிற்கும் துணை நிற்பது பழக்கம். யாம் ஆலையில் உழைத்த நாட்களில், விடுமுறையன்றும் சங்கொலி கேட்டவுடன் எம் கால்கள் தாமே படுக்கையை விட்டு எழும். உடல் பழகுவது போலவே உள்ளமும் பழகும். பிறப்பைக் காட்டி நூற்றாண்டுகளாகக் குனியப் பழக்கப்பட்டோர் நாம். அதிகாரக் குரல் கேட்டால், “நீர் யார்?” என வினவுமுன்னே கைகட்டி நிற்போம். 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் போதிசத்துவர் அம்பேத்கர், தீட்சை பெற்றோரை 22 உறுதிமொழிகளை வாய்விட்டுக் கூறச் செய்தார். பழைய பழக்கத்தைத் தம் நாவினாலேயே துறக்கச் செய்தார் என்று யாம் கொள்கின்றோம்.

அமெரிக்காவில், யேல் பல்கலைக்கழகத்தில் 1961ஆம் ஆண்டு ஸ்டான்லி மில்கிராம் என்பார் ஒரு சோதனை தொடங்கினார். விடை தவறுபவனுக்கு மின்னதிர்ச்சி கொடுக்குமாறு ஆய்வாளர் பணித்தார். அதிர்ச்சி மெய்யன்று, அலறியவன் நடித்தான், பணிக்கப்பட்டோர் அதனை அறியார். 40 பேரில் 26 பேர் இறுதியான 450 வோல்ட் வரை சென்றனர். அவர்கள் கொடியரல்லர்; நம்மனைய எளிய மாந்தர். பிறிதொரு முறை, முன்னரே சொல்லி வைத்தபடி, அருகிருந்த இருவர் “யாம் செய்யோம்” என விலகினர். அம்முறை 40 பேரில் 4 பேரே இறுதிவரை சென்றனர்.

அன்பர்களே, மருந்து இங்கேதான் உளது. மறுத்துரைக்கும் துணை அருகிருப்பின் மனம் விழித்துக் கொள்ளும். “எவரிடமும் பேசாதே” என வஞ்சகன் முதற்கண் கட்டளையிடுவது இதனாலன்றோ? பகவன் நல்ல நட்பைப் போற்றியதன் பொருளும், சங்கம் நமக்குச் சரணமாவதன் பொருளும் இதனால் விளங்கும். எவர் சொல்லை நம்புவதெனக் கேசபுத்த நகரத்துக் காலாமர் கலங்கியபோது, ஐயுறுதல் தகும் என்றே அவர்களைத் தேற்றினார். கேள்விப்பட்டதாலோ, வழிவழி வந்ததாலோ, குரு சொன்னதாலோ மட்டும் ஒன்றை ஏலாது, அதனால் விளைவது நன்மையோ தீமையோ என ஆய்ந்தறிய வேண்டுமென்பதே அவ்வுபதேசத்தின் கருத்து. எம் உரைக்கும் இது பொருந்தும்.

நம் சந்தாபுராவில், பிள்ளைகள் பொம்மசந்திராவுக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் பணிக்குச் சென்றபின் முதியோர் பலர் தனித்திருக்கின்றனர். நாள்தோறும் அவர்தம் கதவைத் தட்டி நலம் வினவுங்கள். அச்சுறுத்தும் அழைப்பு வரின் அதனைத் துண்டித்து, மூச்சைக் கவனித்துச் சற்றே அமருங்கள். பின்பு அண்டையாரை அழையுங்கள். பணம் போயிருப்பின் 1930 என்னும் எண்ணுக்குத் தாமதியாது தெரிவியுங்கள். ஏமாந்தாரை எள்ளாதீர்கள், எள்ளினால் அவர் நாணி மீண்டும் தனித்துப் போவார். தனித்தவரையன்றோ வஞ்சகன் தேடுகின்றான்?