எதிரே வருபவனின் கண்கள்



ஒருவன் தன் சொந்தப் பணத்தில் தன் சொந்த வண்டிக்கு அதிக வெளிச்சமுள்ள பல்பு வாங்கி மாட்டுகிறான். இதில் பாவம் என்ன? இந்தக் கேள்வியை நம் பங்கு வாலிபர் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேலியாகக் கேட்டவர்களும் உண்டு; உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டவர்களும் உண்டு. களவு, பொய்ச்சாட்சி இவைகளைப்பற்றியே பிரசங்கம் கேட்டுப் பழகிய நமக்கு, குருவானவர் பல்பைப்பற்றி எழுதுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ஐந்தாம் கற்பனை கத்தியோடும் துப்பாக்கியோடும் நின்றுவிடுவதில்லை. பிறனுடைய உயிருக்கும் உடலுக்கும் நம்மால் வரக்கூடிய எந்தச் சேதத்தையும் அது தொடுகிறது. ஆகையால் விஷயத்தைச் சற்றுப் பொறுமையாக ஆராய்வோம்.

முதலில் விளக்கைத் தெரிந்துகொள்ளவேண்டும். ஒரு பொருளின் அமைப்பை அறியாமல் அதன் நன்மை தீமையைத் தீர்ப்பது நியாயமாகாது. நம் ஊரில் ஓடும் கார்கள் பலவற்றில் உள்ள 'எச்-4' என்னும் ஹாலஜன் பல்பு 1971இல் ஐரோப்பாவில் புழக்கத்துக்கு வந்தது. அதற்குள் இரண்டு இழைகள் உண்டு. தூரத்துக்கு அடிப்பது 60 வாட். டிப் வெளிச்சத்துக்கானது 55 வாட். மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் இதே அமைப்பில் 35 வாட் பல்பு இருக்கிறது. டிப் இழைக்குக் கீழே சிறு கிண்ணம்போல ஒரு தகடு வைத்திருக்கிறார்கள். பல்பைக் கையிலெடுத்துப் பார்த்தவர்கள் அதைக் கண்டிருப்பீர்கள். எதற்காக என்று கேட்டிருக்கமாட்டீர்கள். விளக்கின் உட்குழியில் கீழ்ப்பாதியிலே ஒளி பட்டால் அது மேல்நோக்கித் திரும்பி, எதிரே வருகிறவனின் முகத்தில் விழும். அதைத் தடுப்பதே அந்தத் தகட்டின் வேலை. அதை வடிவமைத்தவர்கள், வண்டியில் உட்கார்ந்திருப்பவனை மாத்திரமல்ல, எதிரே வரும் முன்பின் அறியாத மனிதனையும் நினைத்து அதைச் செய்திருக்கிறார்கள். எனக்கு இந்தச் சிறு தகட்டின்மேல் ஒரு மரியாதை உண்டு.

இதைக் கழற்றிவிட்டு நம்மவர்கள் 100/90 வாட் பல்பை மாட்டுகிறார்கள். அல்லது ஹாலஜனுக்காகச் செய்த அதே குழிக்குள் எல்.இ.டி. பல்பைச் சொருகுகிறார்கள். இந்த இரண்டாவது பல சமயங்களில் முதலாவதைவிட மோசம். குழியின் வளைவு, இழை இருக்கவேண்டிய சரியான இடத்தைக் கணக்கிட்டு அமைந்தது. ஒளி பிறக்கும் இடம் கொஞ்சம் விலகினாலும், சாலையில் விழவேண்டிய வெளிச்சம் மரக்கிளைகளிலும் மனிதர் கண்களிலும் சிதறுகிறது. வண்டிக்கும் இது நல்லதல்ல. 60 வாட்டுக்கு 5 ஆம்பியர் மின்சாரம் ஓடிய கம்பியில் 100 வாட்டுக்கு 8 ஆம்பியருக்குமேல் ஓடுகிறது. கம்பியில் உண்டாகும் சூடு ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்காகிறது. ஹோல்டர் உருகி நாற்றமடித்தபிறகு மெக்கானிக்கைக் குறை சொல்லுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அது அவரவர் நஷ்டம். அதைவிட்டு மேலே போவோம்.

இவ்வளவுக்கும் கிடைக்கும் லாபம் என்ன? ஒரு பொருள் இரண்டு மடங்கு தூரத்தில் இருந்தால் அதன்மேல் விழும் வெளிச்சம் பாதியல்ல, கால் பங்காகிவிடுகிறது. ஆகவே இருமடங்கு தூரத்துக்கு அதே வெளிச்சத்தைக் கொண்டுபோக நான்கு மடங்கு ஒளி வேண்டும். 55 வாட்டை 90 ஆக்குகிறவனுக்குப் பார்வைத் தூரம் கால் பங்குக்குச் சற்று அதிகமாகக் கூடினால் பெரிது. எதிரே வருகிறவனுக்கோ நஷ்டம் அப்படிச் சிறிதாக அளந்து வருவதில்லை. இருட்டுக்குப் பழகிய கண் ஒருமுறை கூசிவிட்டால், திரும்பப் பார்வை தெளியச் சில விநாடிகளாவது ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவன் ஒரு விநாடியில் 16 மீட்டருக்குமேல் கடக்கிறான். மூன்று விநாடி கண் தெரியாவிட்டால் 50 மீட்டர் தூரம் குருடனாக ஓட்டுகிறான். அந்த 50 மீட்டருக்குள் சைக்கிளில் போகும் கூலிக்காரன் இருக்கலாம். விளக்கில்லாத மாட்டுவண்டி இருக்கலாம். சாலையைக் கடக்கும் குழந்தை இருக்கலாம். வயதானவர்களுக்கும் கண்புரை தொடங்கியவர்களுக்கும் கண்ணுக்குள்ளேயே ஒளி சிதறுவதால் கூச்சமும் அதிகம், தெளியும் நேரமும் அதிகம். உங்கள் தகப்பனார் இரவில் மொபெட்டை எடுக்கப் பயப்படுகிறார் என்றால், அதற்கு அவருடைய வயது மாத்திரம் காரணமல்ல.

இப்பொழுது வாலிபர்களின் நியாயத்தைக் கேட்போம். "சாமி, எதிரே வருகிறவனெல்லாம் போடுகிறான். நான் போடாவிட்டால் நான்தான் பள்ளத்தில் விழுவேன். என் உயிரைக் காத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லையா?"

இது அற்பமான நியாயமல்ல. தன் உயிரைக் காத்துக்கொள்வது உரிமை மட்டுமல்ல, கடமையுமாகும். ஒரே செயலிலிருந்து நன்மையும் தீமையும் பிறக்கும்போது என்ன செய்வது என்பதை வேதசாஸ்திரிகள் நெடுங்காலமாக ஆராய்ந்திருக்கிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்குயினாஸ், தன்னைக் கொல்ல வருகிறவனைத் தடுப்பது தகும் என்று போதித்தார். அதனால் அவனுக்குச் சேதம் வந்தாலும், என் கருத்து என் உயிரைக் காப்பதே. ஆனால் அதோடு ஒரு எல்லையையும் வைத்தார்: காப்பதற்குத் தேவையானதைவிட அதிகமான பலத்தைப் பயன்படுத்தினால் அது தகாது. இதை நம் வழக்கில் வைத்துப் பாருங்கள். எதிரே வருகிறவன் என்னைக் கொல்ல வருகிறவனல்ல. பெரும்பாலும் அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறவன். அவன் பல்பு என் கண்ணைக் கூசச் செய்ததற்காக, அவனுக்குப் பின்னால் ஒழுங்காக டிப் செய்து வருகிற பத்துப் பேருடைய கண்களையும் நான் பறிப்பது எந்தக் கணக்கில் தற்காப்பாகும்? மேலும், அவன் என்னைவிட அதிகமாகப் போட, நான் அவனைவிட அதிகமாகப் போட, கடைசியில் இருவருக்கும் கண் தெரியாது. பல்புக் கடைக்காரருக்குத்தான் லாபம்.

தேவையா என்ற கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்லவேண்டும். கண் கூசும்போது செய்யவேண்டியது வேறொன்று உண்டு: வேகத்தைக் குறைத்து, பார்வையை இடதுபக்கத்து வெள்ளைக் கோட்டின்மேல் வைத்துக்கொள்வது. காசு செலவில்லை, ஒருவருக்கும் சேதமில்லை. ஆனால் அதற்கு மனம் வருவதில்லை. பழைய பல்போடு 50 கிலோமீட்டர் வேகத்தில் பத்திரமாகப் போகலாம். நமக்கு வேண்டியது 80. உயிருக்குப் பயந்து வாங்கினோம் என்கிற பல்பை, உண்மையில் வேகத்தைக் குறைக்க மனமில்லாமல் வாங்குகிறோம். ஆத்தும சோதனை செய்யும்போது இந்த இடத்தில் சற்று நின்று பாருங்கள்.

நாட்டுச் சட்டமும் இதைப்பற்றி மௌனமாக இல்லை. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி, முன்விளக்கின் ஒளி பிறர் கண்ணைக் கூசச் செய்யாதபடி கீழ்நோக்கி இருக்கவேண்டும் என்கிறது. நியாயமான சட்டத்துக்குப் போலீஸ்காரர் நிற்கிற இடத்தில் மட்டும் கீழ்ப்படிவது கிறிஸ்தவ வழக்கமல்ல.

அப்படியானால் மங்கலான விளக்கோடு தடுமாறவேண்டுமா? வேண்டாம். மஞ்சள் படிந்த விளக்கு மூடியைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். முன்கண்ணாடியை உள்பக்கமும் துடையுங்கள். பலர் வெளிப்பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கம்பியும் முனைகளும் துருப்பிடித்து, பல்புக்குப் போகும் வோல்ட் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். நல்ல கம்பியும் ரிலேயும் போட்டால், அதே 55 வாட் பல்பு தன் முழு வெளிச்சத்தைத் தரும். விளக்கின் முனை சரியான உயரத்தில் இருக்கிறதா என்று மெக்கானிக்கைக் கொண்டு பாருங்கள். பின்னிருக்கையில் மூன்று பேர் ஏறினால் காரின் மூக்கு நிமிர்ந்து, டிப் வெளிச்சமும் எதிராளியின் கண்ணுக்கே போகும். அதைத் தாழ்த்துவதற்குப் பல கார்களில் டாஷ்போர்டிலேயே ஒரு சிறு சக்கரம் இருக்கிறது. அது எதற்கென்று தெரியாமலே வண்டியை விற்றவர்களும் உண்டு!

ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் காவி உடுத்தி இரவெல்லாம் நடந்து போகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. சாலையோரமாக வரிசையாகப் போகிற அவர்களை, இரண்டு வண்டிகள் ஒன்றுக்கொன்று எதிராக முழு வெளிச்சத்தோடு வரும் அந்த நேரத்தில் இரண்டு டிரைவர்களுமே காண்பதில்லை. நடக்கிறவர்கள் முதுகிலும் பையிலும் ஒளி மின்னும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்வது நல்லதுதான். ஆனால் கூசிய கண்ணுக்கு ஸ்டிக்கரும் தெரியாது.

நம் பங்கிலுள்ள மெக்கானிக்குகளுக்கும் ஒரு வார்த்தை. "கேட்டார்கள், மாட்டினேன்" என்பது முழுப் பதிலாகாது. இந்தப் பல்பு இந்தக் குழிக்கு ஆகாது என்று உங்களுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். அதைச் சொல்லி, வயரையும் விளக்கின் உயரத்தையும் சரிசெய்து கொடுத்தால் உங்கள் கூலியும் குறையாது.

கழற்றிய பல்பைப் பாதி விலைக்கு விற்கலாமா என்றும் ஒருவர் கேட்டார். வாங்குகிறவன் அதை எந்தச் சாலையில் எரிப்பான் என்று அறிந்துகொண்டே விற்பது உடந்தையாகும். போட்ட பணம் போனதாக இருக்கட்டும்.