பசியை ஏமாற்றுதல்

என் அமுச்சியின் சுருக்குப் பையில் காசு இருந்ததோ இல்லையோ, புகையிலை இருக்கும். அவிநாசிப் பக்கத்துச் சிற்றூர் அவளுடையது. உப்புக் கிணற்று நீர் பாய்ந்தால்தான் புகையிலைக்குக் காரம் ஏறும் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். நல்ல தண்ணீர் கிடைக்காத குடியானவனின் சமாதானமோ, உண்மையோ, எனக்குத் தெரியாது. ஆனால் மீனம்பாளையம் புகையிலைக்குக் கொங்கு நாட்டில் ஒரு மதிப்பு உண்டு. அமுச்சி அதைக் கிள்ளிக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ளும் அழகே தனி.

என் தாயார் சிறுமியாக இருந்தபோது அந்த வீட்டில் ஐந்து குழந்தைகள். பொழுதோடு சோளச்சோறு வட்டிலில் விழும். அமுச்சி மட்டும் திண்ணையோரம் உட்கார்ந்து புகையிலையைக் கிள்ளுவாளாம். "எனக்குப் பசியில்லெ கண்ணு, நீங்க உண்ணுங்க" என்பாளாம். இந்தக் கதையை என் தாயார் நூறு தரம் சொல்லியிருக்கிறார்; நானும் இரண்டு மூன்று கதைகளில் வேறு பெயர் வைத்து எழுதிக் காசாக்கியிருக்கிறேன்.

போன மாதம் என் தமக்கையின் மகன் வந்திருந்தான். மருத்துவக் கல்லூரியில் படிக்கிறவன். பேச்சு எப்படியோ அமுச்சியிடம் வந்து நின்றது.

"மாமா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாதுங்க. அவங்களுக்கு நெஜமாவே பசிச்சிருக்காது. புகையிலையில இருக்கிற நிகோடின் பசியை அடக்கிரும். பசிக்காதவங்க சோத்தை விட்டுக் குடுத்ததுல என்னங்க மாமா தியாகம்?"

எனக்குச் சுருக்கென்றது. கோபித்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன், பொய்.

விஞ்ஞானத்தில் எனக்குப் பயிற்சி கிடையாது. அவன் சொன்னதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் இங்கே சொல்கிறேன். நாம் பசி என்றதும் வயிற்றைத் தொட்டுக் காட்டுகிறோம். ஆனால் வழக்கை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் இடம் மூளையின் அடிப்பாகத்தில், ஹைபோதாலமஸ் என்ற சிறு பகுதியில் இருக்கிறது. அங்கே பெப்டைடுகள் என்னும் புரதத் துணுக்குகள் தூது போகின்றன. 'சாப்பிடு' என்று தூண்டும் ஒன்று நியூரோபெப்டைடு ஒய். 1982-ல் பன்றியின் மூளையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். 'போதும்' என்று சொல்லும் வேறொன்றின் பெயர் கார்ட். அந்தப் பெயருக்குள்ளேயே கொக்கெய்னும் ஆம்பெட்டமினும் அடங்கியிருக்கின்றன. 1995-ல், இந்தக் கிளர்ச்சி மருந்துகளைக் கொடுத்த எலிகளின் மூளையில் ஒரு பகுதியில் அதற்கான மரபுச் செய்தி பெருகக் கண்டுதான் அப்படிப் பெயர் வைத்தார்கள். 1998-ல் இன்னொன்று தெரிந்தது. எலியின் மூளையில் கார்ட்டைச் செலுத்தினால் அது தின்பதைக் குறைக்கிறது. அதன் வேலையைத் தடுத்தால் அதிகமாகத் தின்கிறது. பட்டினி போட்ட எலிகளிடம் ஹைபோதாலமஸில் இது தானாகவே குறைந்துபோகிறது. அதாவது உணவு இல்லாதபோது, 'போதும்' என்ற குரலை உடம்பே தணித்துவிடுகிறது. நியாயமான ஏற்பாடு அல்லவா? கிளர்ச்சி மருந்துகள் செய்வது இந்த ஏற்பாட்டுக்கு நேர்மாறான வேலை. அவை பசியை அடக்குவதற்குக் கார்ட் ஒன்றுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வேறு தூதர்களும் உண்டு. நிகோடினும் எலிகளின் ஹைபோதாலமஸில் உணவைக் குறைக்கச் சொல்லும் நரம்பணுக்களையே எழுப்பிவிடுகிறது என்று 2011-ல் கண்டார்கள். புகையிலையை விட்டவர்களுக்குப் பசியும் எடையும் கூடுவதை நம் வீடுகளிலேயே பார்க்கலாம்.

ஆகவே பையன் சொன்னது தவறில்லை. ஆனால் அவன் கேட்ட கேள்வி விஞ்ஞானக் கேள்வியா?

தென் அமெரிக்காவில் பொட்டோசி என்ற வெள்ளிமலை. 1545-ல் அங்கே வெள்ளி இருப்பது தெரிந்ததும் ஸ்பானியர், அந்நாட்டுப் பழங்குடியினரைச் சுரங்கத்தில் இறக்கினார்கள். அம்மக்கள் கோக்கா இலையை மெல்லுகிறவர்கள். அது பேய்க்குப் படைக்கும் இலை என்று குருமார்கள் கண்டித்தார்கள். ஆனால் இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டவன் குறைந்த சோற்றில் கூடுதல் நேரம் பாறையை வெட்டுகிறான் என்று தெரிந்ததும் கண்டனம் மெல்ல அடங்கியது. பிறகு இலைக்கு வரி வாங்கினார்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் தங்கள் சிப்பாய்களுக்கு இதே இனத்து மாத்திரைகளைக் கொடுத்தார்கள். தூக்கம்தான் நோக்கம், பசி கூடவே போயிற்று.

இவ்வளவு தூரம் போவானேன்? 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபிறகு கோவையைச் சுற்றிப் பஞ்சாலைகள் பெருகின. அப்படிப்பட்ட ஆலை ஒன்றில் முழு நைட் பார்த்தவர் என் தகப்பனார். நள்ளிரவுக்கு மேல் ஒரு டீயும் ஒரு பீடியும்தான் அவருக்கு ஆகாரம். தேயிலை அவ்வளவு வல்லமையுள்ளதல்ல. அதில் பாதி வேலையைப் பாலும் சர்க்கரையும் செய்கின்றன. பீடிதான் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. நானோ, காலையில் மூன்று காபி குடித்துவிட்டு மத்தியானம்வரை எழுதுகிறேன். 'பசி நோக்காமல் உழைக்கிறார்' என்று ஒரு நண்பர் மேடையில் பாராட்டினார். நான் மறுக்கவில்லை.

பசி ஒரு துணுக்கின் வேலை என்றால், பசியைத் தாங்கும் பொறுமையும் துணுக்கின் வேலைதானே என்று பையன் வாதாடுவான். நான் அப்படி நினைக்கவில்லை. மயக்க மருந்து போட்டுக்கொண்டு அறுவைக்குப் படுத்துத் தன் சிறுநீரகத்தைத் தம்பிக்குக் கொடுக்கிறான் ஒருவன். வலிக்காததனால் அது கொடை இல்லையா? மருந்தைப் போட்டுக்கொள்ளச் சம்மதித்த நிமிஷத்தில் அவன் கொடுத்தாகிவிட்டது. அமுச்சி புகையிலையைக் கிள்ளியது சோறு வட்டிலில் விழுவதற்கு முன்னால்.

இவ்வளவும் சொல்லிப் பையனை மடக்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். நடுவில் ஒன்று ஞாபகம் வந்து என்னையே மடக்கிவிட்டது. அமுச்சி கூலிக்குப் போனது ஒரு பண்ணாடியின் புகையிலைத் தோட்டத்துக்கு. சாயங்காலம் கூலி அளக்கும்போது ஒரு கைப்பிடி உடைசல் புகையிலையும் சேர்த்துக் கொடுப்பாராம். "மகராசன், கேக்காமலே குடுப்பாரு" என்று சாகும்வரை அவரை வாழ்த்திக்கொண்டிருந்தாள். கன்னத்துப் புண் ஆறாமல்தான் செத்தாள். அந்தக் கைப்பிடிக்குப் பதிலாக இன்னும் ஒரு படி சோளம் அளந்திருந்தால் தியாகத்துக்கே தேவை இருந்திராது. பொட்டோசியைக் கண்டிக்கிற நான் அந்தப் பண்ணாடியை மட்டும் ஏன் இத்தனை வருஷமாகக் கதையில் நல்லவராகவே எழுதி வந்தேன்?

பையன் ஊருக்குப் புறப்படும் முன் என் தாயார் அவனுக்கு அரிசியும் பருப்புச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வாதத்தை அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"பசிக்காதுன்னு எந்தப் பொஸ்தகத்துல சாமி போட்டிருக்குது?" என்றார். "நடுச்சாமத்துல அதோட வேகம் எறங்கிரும். எங்கம்மா எந்திரிச்சு, சத்தமில்லாம அடுப்படிக்குப் போயி, சட்டியில அப்பியிருக்கிறதெச் சொரண்டித் தண்ணி ஊத்திக் குடிக்கும். ஒருநா நான் முழிச்சுப் பாத்துட்டேன்."

"அப்புறம் என்ன பண்ணினீங்க அமுச்சி?" என்று கேட்டான் பையன்.

"என்ன பண்றது? தூங்கற மாதிரி கண்ணெ மூடிக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு, அவன் வேண்டாம் என்று கை மறிப்பதற்குள் இன்னொரு கரண்டி சோற்றை வைத்தார்.