கையுறையும் ஐயமும்

சத்திரவைத்தியரின் கையுறை யாரைக் காக்கத் தோன்றியது என வினவின், நோயாளியை என்றே பலரும் விடையிறுப்பர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1889-90 குளிர்காலத்தில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில், வில்லியம் ஹால்ஸ்டெட்டின் சத்திரசிகிச்சைக் கூடத்திற் பணிபுரிந்த தாதி கரோலின் ஹம்ப்டனின் கைகள், கிருமி நீக்கப் பயன்பட்ட இரசக் குளோரைட்டினாற் புண்ணாயின. அவர்பொருட்டே மெல்லிய இறப்பர்க் கையுறைகள் செய்விக்கப்பட்டன. (1890இல் அவ்விருவரும் மணம்புரிந்தமை வேறு கதை.) அக்கையுறை நோயாளியின் புண் சீழ்கொள்ளாமலும் காக்கும் என்பது பின்னரே புலனாயிற்று.

1981இல் எயிட்ஸ் நோய் இனங்காணப்பட்டதன்பின் கையுறையின் நோக்கம் மீண்டும் வைத்தியரின் பக்கம் திரும்பியது. நோயாளியின் இரத்தம் படிந்த ஊசி குத்தினால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் மூன்று. தடுப்பூசி பெறாதவருக்கு ஈரலழற்சி பி தொற்றும் வாய்ப்போ பன்மடங்கு அதிகம். கையுறை ஊசியைத் தடுத்து நிறுத்துவதில்லை. அதிற் படிந்த இரத்தத்தின் ஒரு பகுதியைத் துடைத்துவிடுகிறது. இரண்டு அணியின் உட்கையுறை துளைபடுவது வெகுவாகக் குறையும். எனினும் விரலின் தொடுணர்வு மழுங்கும் எனச் சிலர் அதனை விரும்புவதில்லை.

இங்கேதான் அறவினா எழுகிறது. எல்லோருக்கும் ஒரு கையுறை, நோயுள்ளவர் எனத் தெரிந்தவருக்கு மட்டும் இரண்டு என ஒரு வைத்தியர் விதித்துக்கொள்கிறார் எனக் கொள்வோம். அது விவேகமாகவே தோன்றும். ஆயின் தம் நோயைத் தாமே அறியாதவர் எத்தனைபேர்? நோயை அறிந்தவரோ, இரண்டாவது கையுறை தம்மீது குத்தப்பட்ட முத்திரை எனக் கண்டு, அடுத்தமுறை உண்மையை மறைக்கக் கற்றுக்கொள்வார்.

1987இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையங்கள், எவருடைய இரத்தத்தையும் தொற்றுடையதாகவே கருதுக எனப் பரிந்துரைத்தன. மேலோட்டமாக நோக்கின் இது மனிதகுலம் முழுவதன் மீதும் கொண்ட அவநம்பிக்கை. உண்மையில், எல்லோர்மீதும் ஒப்ப விழும் ஐயம் எவரையும் இழிவுபடுத்துவதில்லை. வைத்தியரும் அதற்கு விலக்கல்லர்: வயிற்றினுள்ளே அவரது விரல் குத்துப்பட்டால், அவரது குருதி நோயாளியின் குருதியோடு கலக்கலாம். ஆகவே, 'ஆபத்து எனது, துணிவும் எனது' என அவர் கூறும் நியாயம் நிலைக்காது. ஊசியை எடுத்துக் கொடுக்கும் தாதியும் அருகிலேயே நிற்கிறார்.

கையுறைகளை எண்ணிக் கொடுக்கும் வறிய வைத்தியசாலை என் செய்யும் என்பது வலுவான மறுப்பே. அங்கே தெரிவு தவிர்க்கவியலாதது. ஆனால் தெரிவு ஆளைப் பார்த்தன்று, சிகிச்சையைப் பார்த்தே நிகழவேண்டும். உடைந்த என்பின் கூர்முனைகளிடையே நெடுநேரம் கைவைப்பவருக்கு இரண்டு. தோலிலுள்ள சிறு கட்டியை அகற்றுபவருக்கு ஒன்று. மேசையிற் கிடப்பவர் யார் என்ற கேள்வி அக்கணக்கில் இடம்பெறாது.