ஊர் கூடி வைத்த உலை

இன்று காலை உங்கள் வீட்டில் எத்தனை ஆழாக்கு அரிசி களைந்தீர்கள்? இரண்டு? விருந்தாளி யாராவது வந்திருந்தால் மூன்று? குக்கரில் நாலு விசில், வேலை முடிந்தது! தப்பே இல்லை. நானும் அப்படித்தான். ஆபீசுக்குக் கிளம்புகிற அவசரத்தில் அன்னத்தைப் பற்றி நினைத்துப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது?

ஆனால், ஐப்பசி பௌர்ணமிக்கு முதல் நாள், கும்பகோணத்தை அடுத்த ஒரு சிறிய கிராமத்துக்குப் போயிருந்தபோது என் எண்ணம் மாறியது. சிவன் கோயில் வாசலில், மறுநாள் அன்னாபிஷேகத்துக்கு வருகிறவர்களுக்குப் பந்தி போட ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. தெருவை மறித்துக் கீற்றுப் பந்தல். செங்கல் அடுக்கிக் கட்டிய கோட்டை அடுப்பு. பூசணியும் வாழைக்காயும் மலையாகக் குவிந்திருக்க, சுற்றிலும் முப்பது பெண்மணிகள். ஆளுக்கு ஓர் அரிவாள்மணை. காய் நறுக்குகிற சத்தத்தைவிட பேச்சுச் சத்தம்தான் அதிகம்!

அவர்களில் பாதிப் பேர் கல்யாணமாகி நாலைந்து வருடமே ஆன இளம் பெண்கள். பத்துப் பேருக்குச் சமைத்தே பழக்கமில்லாதவர்கள். அவர்களுக்கெல்லாம் அன்று வாத்தியார், எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி. ஓரமாக ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டே அத்தனையும் நடத்திக்கொண்டிருந்தார்.

“படிக்குப் பத்துப் பேருன்னு கணக்கு வச்சுக்கம்மா. வயல்லேர்ந்து கரையேறி வர்றவங்கன்னா எட்டுப் பேர்தான்!”

“உப்பு, புளியை மட்டும் பெருக்கல் கணக்குப் போட்டுடாதே. பத்துப் பேருக்கு ஒரு கரண்டின்னா நூறு பேருக்குப் பத்துக் கரண்டின்னு கொட்டினே, சாம்பாரை யாரும் வாயில வைக்க முடியாது. முதல்ல ஆறு போடு. கொதி வந்ததும் பாரு.”

“அண்டாவுல சாதம் முக்காப் பதம் வெந்ததுமே வடிச்சுடணும். மிச்சம் தன் சூட்டுலயே வெந்துக்கும்.”

ஒரு பெண் கையில் சின்ன நோட்டுப் புத்தகத்தோடு இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தாள். பாட்டிக்குச் சிரிப்பு. “எழுதி என்ன பண்ணப் போறே? துடுப்பைப் பிடி!” என்றார். சமையல் வகுப்பு என்று பட்டணத்தில் பணம் கட்டிப் போகிறோமே... அங்கே எல்லாம் நாலு பேருக்குச் செய்யத்தான் கற்றுத் தருகிறார்கள். நாநூறு பேருக்குச் செய்கிற வித்தை இப்படி ஊர்ப் பந்தலில்தான் கைமாறுகிறது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். சுவாமிக்குச் சாத்துகிற அன்னம் வேறு. அது மடப்பள்ளியில், உரியவர்கள் மடியாகச் செய்வது. அதில் யாரும் கை வைப்பதில்லை. வெளியே பந்தலில் நடப்பது பக்தர்களுக்கான சமையல். ஆனால், இரண்டுக்கும் அரிசி ஒன்றுதான். வீடு வீடாக வந்து சேர்ந்த அரிசி! பணக்கார வீட்டிலிருந்து வந்த மூட்டையும், கூலி வேலை செய்கிற அம்மா முந்தானையில் முடிந்து கொண்டுவந்த அரைப்படியும் ஒரே குவியலில் விழுந்துவிட்டால், அப்புறம் எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

ஐப்பசி பௌர்ணமி அன்னாபிஷேகத்தின் பெருமை உங்களுக்குத் தெரிந்ததுதான். தஞ்சைப் பெரிய கோயிலில் பெருவுடையாருக்குச் சமீப ஆண்டுகளில் சுமார் 1,000 கிலோ அரிசியை அன்னமாக்கிச் சாத்துகிறார்கள். காய்கறி, கனிகள் தனி. அத்தனையும் பக்தர்கள் கொடுப்பது. கங்கைகொண்ட சோழபுரத்தில் நூறு மூட்டை அரிசி என்பார்கள். லிங்கத் திருமேனி முழுவதும் வெண்ணிறச் சாதம் மூடி, நடுவில் பட்டைபட்டையாகக் காய்களும் பழங்களும் சாத்தி... கண்கொள்ளாக் காட்சி! ‘சோறு கண்ட இடம் சொர்க்கம்’ என்று சாப்பாட்டுப் பிரியர்களைக் கேலி செய்வோமே, அது உண்மையில் அன்னாபிஷேகத்தைக் கண்டவர்களைக் குறித்துச் சொன்னது என்று பெரியவர்கள் விளக்குவதுண்டு.

தீபாராதனை முடிந்து அன்னத்தைக் களையும்போது, பாணத்தின் மேல் சாத்திய அன்னத்தைத் தனியே எடுத்து ஆற்றிலோ குளத்திலோ கரைத்துவிடுவார்கள். மீன்களுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் அது பிரசாதம். ஆவுடையார் மேல் இருந்த அன்னம்தான் தயிர் கலந்து நம் கைக்கு வரும். கவனித்தீர்களா... பந்தியில் முதல் இலை மீனுக்கு! நமக்கு அதன் பிறகுதான்.

ஆற்றங்கரைக்காரர்களுக்கு இந்த எண்ணம் புதிதல்ல. ஆடிப்பெருக்கன்று என்ன செய்கிறோம்? சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் எல்லாம் கட்டிக்கொண்டு படித்துறைக்குப் போகிறோம். காதோலை, கருகமணி, மஞ்சள் சரடு வைத்துக் காவிரியம்மனுக்குப் படைக்கிறோம். புதுவெள்ளத்தோடு வரும் காவிரித் தாய் சூல் கொண்டிருக்கிறாள், மசக்கைக்காரிக்கு வாய்க்கு ருசியாக விதவிதமாகக் கொடுக்க வேண்டாமா என்பது டெல்டாப் பெண்களின் கணக்கு! அப்புறம் கரையிலேயே வட்டமாக உட்கார்ந்து, உங்கள் தூக்கிலிருந்து எனக்கு, என் தூக்கிலிருந்து உங்களுக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும், “எங்க வீட்டுப் புளியோதரை கொஞ்சம் சாப்பிட்டுப் பாருங்க” என்று நீட்டாமல் யாரும் எழுந்து வரமாட்டார்கள்.

அந்தக் காவிரியிலும் தண்ணீர் வராத வருடங்கள் உண்டு. வழக்கமாக ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூர் அணையை 2012-ல் செப்டம்பரில்தான் திறந்தார்கள். 2017-ல் அக்டோபரில். அப்படிப்பட்ட ஆடிகளில் அடிபம்புக்கும் ஆழ்குழாய்க்கும் மஞ்சள் பூசிக் கும்பிட்ட பெண்கள் இருக்கிறார்கள். படையலில் வகை குறைந்திருக்கலாம். ஆனால், படைக்காமல் விட்டதில்லை.

பஞ்ச காலத்துப் பந்தி என்றதும் திருவீழிமிழலைதான் நினைவுக்கு வருகிறது. திருவாரூர் மாவட்டத்தில், பூந்தோட்டத்துக்கு அருகில் உள்ள தலம். திருமால் தன் கண்ணையே மலராகச் சாத்தி சக்கரம் பெற்ற ஊர். அப்பர் பெருமானும் திருஞானசம்பந்தரும் அங்கே தங்கியிருந்தபோது மழை பொய்த்து, பஞ்சம் வந்தது. அடியார்கள் பசியால் வாடினார்கள். ஈசன் இருவர் கனவிலும் தோன்றி, ‘பஞ்சம் தீரும்வரை நாளும் ஆளுக்கு ஒரு பொற்காசு தருகிறோம்’ என்றான். அதுபோலவே தினமும் பலிபீடத்தில் காசு இருந்தது. இருவர் மடத்திலும் அடுப்பு எரிந்தது, வந்தவர்க்கெல்லாம் சோறு. ‘படிக்காசு’ என்று நாம் சொல்லும் திருக்கதை இதுதான்.

இதில் நம்மைப் போன்ற சமையல்கட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அப்பர் மடத்தில் உச்சிப் பொழுதிலேயே பந்தி போட்டுவிடுவார்கள். சம்பந்தர் மடத்திலோ தினமும் தாமதம். பிள்ளையார் காரணம் கேட்டார். யாரிடம்? சமைக்கிறவர்களிடம்! “சுவாமி, அப்பர் பெருமானின் காசைக் கடைக்காரர்கள் அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள். நம் காசுக்கு வட்டம் கேட்கிறார்கள். அதைக் கொடுத்து, பேசி, சாமான் வாங்கி வருவதற்குள் பொழுது போய்விடுகிறது” என்றார்கள். அதாவது, காசின் மதிப்பில் கொஞ்சம் குறைத்துக்கொண்டுதான் பண்டம் கொடுத்தார்கள். அப்பர் உழவாரம் பிடித்துக் கைத்தொண்டு செய்தவர். அதனால் அவருக்கு மாசில்லாத காசு என்று இதற்குப் பெரியவர்கள் காரணம் சொல்வார்கள்.

சம்பந்தர் என்ன செய்தார் தெரியுமா? தன் காசுக்கு மதிப்புக் குறைந்துவிட்டதே என்று வருந்தியிருக்கலாம். அவர் கவலை அதுவல்ல. அடியார்களின் இலையில் சோறு நேரத்துக்கு விழவில்லையே! ஈசனிடமே போய், குறையில்லாத காசு தரும்படி பதிகம் பாடினார். மறுநாள் முதல் நல்ல காசு. இரண்டு மடத்திலும் ஒரே நேரத்தில் பந்தி. ஞானக்குழந்தை, இறைவனிடம் மோட்சம் கேட்கவில்லை... மளிகைச் சாமான் சீக்கிரம் வர வழி கேட்டது! அந்தப் பீடங்களை இன்றும் திருவீழிமிழலையில் தரிசிக்கலாம்.

பசித்தவனைக் காக்கவைக்கக் கூடாது என்கிற இந்த எண்ணத்தைத் தஞ்சாவூர் மன்னர்களும் விடவில்லை. மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி, தம் பிரியத்துக்குரிய முத்தாம்பாளின் நினைவாக ஒரத்தநாட்டில் சத்திரம் கட்டியவர். ஆங்கிலேயர்கள் நிர்வாகத்தில் கை வைத்த நேரத்தில், 1801-ல் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களின் தர்மம் நின்றுவிடக் கூடாது என்று வேண்டுகிற கடிதம். அதில், நள்ளிரவில் மணி அடித்து, அதுவரை சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வந்து சாப்பிடும்படி அழைக்கிற வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். நடுராத்திரியில் மணியோசை... யோசித்துப் பாருங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் காலிங் பெல் அடித்தால் நமக்கு என்ன தோன்றுகிறது?

சரி, இதெல்லாம் புராண காலம், ராஜா காலம் என்பீர்கள். நம் கண் முன்னே நடந்ததைச் சொல்கிறேன்.

2018 நவம்பர் 16, அதிகாலை. கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கமெல்லாம் பிள்ளைபோல் வளர்த்த தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்துவிட்டன. பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஊருக்கெல்லாம் நெல் அனுப்பிய மண், நிவாரண வண்டிக்காகச் சாலையோரம் நின்றது. தட்டேந்தி நிற்க மனம் வராமல் உள்ளேயே முடங்கிக் கிடந்தவர்கள் எத்தனையோ பேர்.

அப்போது பல கிராமங்களில் பெண்கள் ஒரு காரியம் செய்தார்கள். யார் வீட்டில் நனையாத அரிசி இருக்கிறதோ, அதைக் கொண்டுவந்து பொதுவில் கொட்டினார்கள். கோயில் திடலிலும் பள்ளிக்கூடத்திலும் அடுப்பு மூட்டினார்கள். விழுந்த மரமே விறகு. ஈர விறகு புகைகிற புகையில் கண் எரிய எரிய ஊருக்கே ஒரே உலை! அந்த நாட்களில் நானும் அந்தப் பக்கம் போயிருந்தேன். “வாங்கிச் சாப்பிடறதுக்குத்தான் கூச்சமா இருந்துது. நாமளே ஆக்கினதும் அந்தக் கூச்சம் போயிடுச்சு” என்றார் ஓர் அம்மா. நான் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும்போதே என் கையில் ஒரு தட்டைத் திணித்துவிட்டார். கூரை பறந்துபோன வீட்டுக்காரி!

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லா ஊரிலும் ஒரே உலை எரிந்தது என்று சொல்லமாட்டேன். புயல் அத்தனை வேலியையும் பிடுங்கி எறிந்த பிறகும், தெருவுக்குத் தெரு அடுப்பைப் பிரித்து வைத்த ஊர்களும் உண்டு. நம் கோயில்களிலேயே எத்தனை காலம் பந்தி பிரிந்து கிடந்தது! ஆகஸ்ட் 15 அன்று கோயில்களில் எல்லோரும் சேர்ந்து உட்காரும் பொது விருந்து நடக்கிறதே, ஒருமுறையாவது போயிருக்கிறீர்களா? ‘அதெல்லாம் அதிகாரிகள் வருகிற விழா, நமக்கென்ன’ என்று இருந்துவிடுகிறோம். 2002-ல் தொடங்கிய கோயில் அன்னதானத் திட்டத்தில் மதியம் இலை போடுகிறார்கள். நன்கொடை ரசீது வாங்குகிற நம்மில் எத்தனை பேர் அந்தப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம்? கொடுப்பது சுலபம். பக்கத்து இலைக்காரரோடு உட்கார்ந்து சாப்பிடுவதற்குத்தான் மனம் வேண்டியிருக்கிறது. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்தக் கும்பகோணத்துக் கிராமத்துப் பாட்டியிடம், “இவ்வளவு அரிசி எப்படிம்மா சேர்ந்தது?” என்று கேட்டேன். “எல்லாம் பிடி அரிசிதான்” என்றார். காஞ்சி மகா பெரியவர் சொன்னாரே, அந்த பிடி அரிசித் திட்டம்! தினமும் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியும் ஒரு காசும் தனியே எடுத்து வைப்பது. அதைச் சேகரித்து, அந்தந்தப் பகுதிக் கோயிலில் சமைத்து நிவேதனம் செய்து ஏழைகளுக்குக் கொடுப்பது. பெண்கள் மட்டுமே நடத்திவிடக்கூடிய தர்மம். வீட்டில் யாரிடமும் காசு கேட்டு நிற்க வேண்டாம்.

நீங்களும் ஆரம்பிக்கலாம். ஐப்பசி வரை காத்திருக்க வேண்டியதில்லை; வருகிற வெள்ளிக்கிழமையே நல்ல நாள். அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால் பத்து வீடு சேர்ந்தால் போதும். தினம் ஒரு பிடி என்றால் மாதம் ஒரு வீட்டுக்கு ஒரு கிலோவுக்குக் குறையாது. பத்து வீட்டு அரிசியில் அறுபது, எழுபது பேருக்குத் தாராளமாகப் புளியோதரை கிளறலாம். உங்கள் தெருக் கோயில் குருக்களிடம் முன்கூட்டியே பேசி ஒரு பிரதோஷத்தையோ பௌர்ணமியையோ குறித்துக்கொள்ளுங்கள். தெருவில் வயதான மாமி யாராவது இருப்பார். முதல் தடவை அவரை முக்காலியில் உட்காரவைத்துவிட்டு, நீங்கள் துடுப்பைப் பிடியுங்கள்.

டப்பா விஷயத்தில் மட்டும் கவனம். பச்சரிசியையும் புழுங்கலையும் கலக்காதீர்கள். பத்து வீட்டுக்கும் ஒரே ரகமாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அண்டாவில் பாதி குழையும், பாதி விறைக்கும். ஈரக் கையோடு பிடி அள்ளக் கூடாது. வண்டு வராமல் இருக்க ஒரு துண்டு வசம்போ, காய்ந்த வேப்பிலையோ போட்டு வையுங்கள். வசம்பு போட்டிருந்தால், களையும் முன் மறக்காமல் எடுத்துவிடுங்கள். பாட்டி இதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.