பதிவேட்டில் என்ன பெயர்

ஐரோப்பாவுக்குப் போய்வந்து எழுதுகிறவர்கள் தமிழில் பெருகிவிட்டார்கள். இவர்களில் கொஞ்சம் இலக்கியப் பரிச்சயம் உள்ளவர்கள் ஒரு விஷயத்தில் தவறாமல் ஒத்துப்போகிறார்கள். செயின் ஹோட்டலில் தங்கக்கூடாது. பாரிஸானாலும் ப்ராக் ஆனாலும் அங்கே அதே அறை, அதே வெள்ளைத் துண்டு, அதே காலைச் சிற்றுண்டி. ஊர் ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்றுவிடுகிறது. ஒரு கிழவியின் மாடியறையிலோ ஒரு குடும்பம் நடத்தும் சிறு விடுதியிலோ தங்கினால்தான் ஊரின் ஜீவன் பிடிபடும் என்கிறார்கள். இதில் ருசி பற்றிய அபிப்பிராயம் எவ்வளவு, ஒழுக்கம் பற்றிய தீர்ப்பு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். செயின் ஹோட்டலில் தங்கியவன் ருசியற்றவன் என்பதோடு நிற்காமல், ஏதோ தப்புச் செய்துவிட்டவன் போலவும் பேசப்படுகிறான்.

நான் ஐரோப்பா போனதில்லை. ஆனால் இந்த அபிப்பிராயத்துக்கு அடியில் இருப்பது உபசரிப்பு பற்றிய ஒரு நம்பிக்கை. அதைச் சோதித்துப் பார்க்க விமானம் ஏற வேண்டியதில்லை. அந்தக் கிழவியின் கதவு தனக்குத் திறக்கும் என்று இவர்களுக்கு எப்படி அவ்வளவு நிச்சயம்?

விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பதே பழைய பொருள். முன்பின் அறியாதவனாக வந்து நிற்பவனே விருந்து. இன்று நாம் விருந்தாளி என்று சொல்வது பெரும்பாலும் சொந்தக்காரரைத்தான். அந்நியனைக் குறித்த சொல் மெல்ல நகர்ந்து மாமன் மச்சானைக் குறிக்க வந்துவிட்டது. வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியதைப் பெருமையாகச் சொல்லும் நாம் இந்த நகர்வைப் பற்றிப் பேசுவதில்லை. அகராதிக்காரர்கள் இதை ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கென்னவோ இதில் ஒரு சமூக சரித்திரமே இருப்பதாகத் தோன்றுகிறது.

சத்திரங்கள் இருந்தனவே என்பார்கள். இருந்தன. தஞ்சை மராட்டிய அரசர்கள் ராமேஸ்வரம் போகும் பாதையில் கட்டிய சத்திரங்களைப் பற்றி சரபோஜி மன்னர் 1801-இல் ஆங்கிலேய ரெஸிடெண்டுக்கு எழுதிய கடிதம் நம் உபசரிப்பு மரபின் உயர்ந்த சாட்சியங்களில் ஒன்று. பிராமணரிலிருந்து கடைசிச் சாதி என்று கருதப்பட்டவர் வரை எல்லா வழிப்போக்கருக்கும் அங்கே சோறு உண்டு என்கிறார். நோயாளிக்கு வைத்தியம், கர்ப்பிணிக்குப் பராமரிப்பு, அநாதைக் குழந்தைக்கு வளர்ப்பு. மறுக்க முடியாத மேன்மை. ஆனாலும் அந்த ‘எல்லோரும்’ மேலிருந்து கீழாக வரிசையாக எண்ணித்தான் எல்லோரும் ஆகிறார்கள். எண்ணுவதற்கு முன் கேட்டாக வேண்டும். 1904-இல் காசிக்குப் போன ஈ.வெ.ரா., தமிழ்நாட்டுப் பிராமணரல்லாத செல்வந்தர் ஒருவர் தருமத்தில் நடந்த சத்திரத்தின் வாசலிலேயே, பிராமணர் அல்ல என்பதற்காகச் சோறு மறுக்கப்பட்டுத் தள்ளப்பட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. உபசரிப்பு அங்கே குறைவாக இருந்ததாகச் சொல்ல முடியாது. உள்ளே பந்தி நடந்துகொண்டுதான் இருந்தது.

இதைவிட என்னை உலுக்குவது அம்பேத்கரின் அனுபவம். 1917-இல் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பி, பரோடா சமஸ்தானத்தில் வேலை ஏற்கப் போகிறார். தங்க இடமில்லை. இந்து விடுதிகளில் ஏற்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒரு பார்ஸி விடுதிக்குப் போகிறார். பார்ஸிகளின் மார்க்கத்தில் தீண்டாமை இல்லையே என்ற எண்ணம். காவல்காரக் கிழவர் அவர் பார்ஸி அல்ல என்பதைக் கண்டுகொள்கிறார். விடுதி பார்ஸிகளுக்கு மட்டும். ஆனால் விடுதியில் வேறு யாரும் இல்லை. கிழவருக்கும் காசு வேண்டும். ஒப்பந்தம் இப்படி முடிகிறது: நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய், பதிவேட்டில் ஒரு பார்ஸிப் பெயர். மாடியில் தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவே, வௌவால்கள் பறக்க, ஒரு மங்கலான லாந்தர் வெளிச்சத்தில் புத்தகம் படித்தபடி பத்து நாள். பதினோராம் நாள் காலை பார்ஸிகள் ஒரு டஜன் பேர் தடிகளோடு வந்து, சாயங்காலத்துக்குள் காலிசெய் என்கிறார்கள். நண்பர்கள் இருவரை அணுகுகிறார். ஒருவர் இந்து, நீங்கள் வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்கிறார். இன்னொருவர் கிறிஸ்தவர், மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார். பிறகு காமாட்டிபாக் பூங்காவில் சில மணி நேரம், இரவு பம்பாய் ரயில். இவ்வளவையும் அவர் எந்த அலங்காரமும் இல்லாமல் எழுதியிருக்கிறார்.

இந்தக் கதையில் வருகிற எல்லோருமே உள்ளூர்க்காரர்கள். அவர்களில் ஓரளவாவது இடம் கொடுத்தவர் காசுக்காக விதியை மீறிய அந்தக் காவல்காரக் கிழவர் ஒருவர்தான். அன்புள்ள நண்பர்களால் முடியாததைப் பத்து நாளைக்கு ஒன்றரை ரூபாய் சாதித்தது. காசைப் பற்றி இலக்கியவாதிகள் கேவலமாகப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த ஒன்றரை ரூபாய் ஞாபகம் வரும். வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிறவன் வேறு எப்படி நினைப்பான் என்று யாரும் சொல்லிக்கொள்ளலாம்.

காசுக்கு முகம் தெரியாது என்பது அதன் குறை. யாருடைய முகம் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டதோ, அவருக்கு அது குறை அல்ல. செயின் ஹோட்டல் விற்பது இந்த முகமின்மையைத்தான். கெம்மன்ஸ் வில்சன் 1952-இல் மெம்ஃபிஸ் நகரில் முதல் ஹாலிடே இன் திறந்தபோது அவர் விற்க நினைத்தது எதிர்பாராதது எதுவும் நடக்காது என்ற உத்தரவாதம். அதே அமெரிக்காவில் 1936 முதல் முப்பது வருஷத்துக்கு மேல் விக்டர் கிரீன் ஆரம்பித்த ‘கிரீன் புக்’ என்ற கையேடு வெளிவந்துகொண்டிருந்தது. கறுப்பர்கள் எந்த ஊரில் எந்த வாசலில் நிற்கலாம் என்பதற்கான பட்டியல். எதிர்பாராதது என்பது வெள்ளைப் பயணிக்கு ஓர் அசௌகரியம். கறுப்புப் பயணிக்கு அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஆனால் கம்பெனிகளுக்குக் கருணை பிறந்து கதவு திறந்தது என்று எண்ண இடமில்லை. 1964-இன் சிவில் உரிமைச் சட்டம்தான் திறந்தது. அதை எதிர்த்து அட்லாண்டாவின் மோட்டல் ஒன்று அதே வருஷம் உச்சநீதிமன்றம் வரை போய்த் தோற்றது. இங்கும் அப்படியே. அரசியல் சாசனத்தின் 15-ஆம் ஷரத்து கடைகளையும் ஹோட்டல்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 1955-இன் தீண்டாமைக் குற்றச் சட்டம் தரும சத்திரங்களையும் சேர்த்துக்கொண்டது. அதற்குப் பிறகும் 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் ‘பிராமணாள்’ பலகைக்கு எதிராக மாதக்கணக்கில் மறியல் நடத்த வேண்டியிருந்தது. அந்தப் பலகையும் ஒருவகையில் உள்ளூர்த்தன்மைதான். அதன் மணத்தையும் காபியையும் நினைத்து உருகுகிற கட்டுரைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். நன்றாக எழுதப்பட்டவை.

பழைய கதை, இன்று இல்லை என்று சொல்லலாம். அமெரிக்காவில் ஹார்வர்ட் ஆராய்ச்சியாளர்கள் மூவர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஏர்பிஎன்பி மூலம் வீட்டு அறைகளுக்கு ஒரேமாதிரி விண்ணப்பங்களை அனுப்பினார்கள். பெயர்கள் மட்டும் வேறு. கறுப்பர்களுடையவை என்று தெரியும் பெயர்களுக்குச் சம்மதம் கிடைக்கும் வாய்ப்பு 16 சதவீதம் குறைவாக இருந்தது. கிழவியின் மாடியறை என்று நம்மவர்கள் சொல்வது இந்தக் கதவைத்தான். வீடு என்பது தேர்ந்தெடுக்கும் உரிமையோடு வருவது. வீட்டுக்காரருக்கு அதற்காக வருத்தப்படவும் தோன்றாது.

காட்டாங்குளத்தூரில் இதற்கு நேரான காட்சி ஒவ்வொரு அட்மிஷன் பருவத்திலும் உண்டு. எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் பிள்ளையைச் சேர்க்க ஆந்திராவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் வரும் பெற்றோர்கள் பொத்தேரி ஸ்டேஷனில் இறங்கி, ஜி.எஸ்.டி. சாலையோரம் பெட்டியோடு நிற்கிறார்கள். லாட்ஜ் நிரம்பிவிட்டால் வீடுகளில் அறை கேட்கிறார்கள். வீடுகளில் முதல் கேள்வி வாடகை அல்ல. “நீங்க வெஜ்ஜா?” சைவமா என்று கேட்பதும் ஒரு விசாரணைதான் என்பதைக் கேட்பவர், பதில் சொல்பவர் இருவரும் அறிவார்கள். அடுத்தது, “சொந்த ஊர் எது?” ஊர் சொன்னால், “ஊர்ல எந்தப் பக்கம்?” தமிழனின் பெயர் இனிஷியலோடு முடிந்துவிடுகிறது என்பதால்தான் இவ்வளவு சுற்றுவழி. பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதில்லை என்று தீர்மானித்த சுயமரியாதை மாநாடு 1929 பிப்ரவரியில் நடந்தது இங்கிருந்து சில ஸ்டேஷன் தள்ளியுள்ள செங்கல்பட்டில். பெயரை மூடிவைத்தோம். கேள்வி தெருப்பெயருக்கு நகர்ந்துகொண்டது.

செயின் ஹோட்டலுக்கு எதிராகச் சொல்லப்படுவதில் நியாயமானதை மறுக்கவில்லை. பணம் ஊரில் தங்குவதில்லை. தாம்பரத்துக்குத் தெற்கே பல பழைய லாட்ஜுகளின் மேல் 2013-இல் தொடங்கிய ஓயோவின் சிவப்புப் பலகை ஏறிவிட்டது. உள்ளே அதே முதலாளி, அதே படிக்கட்டு, அதே வாளி. எது செயின், எது உள்ளூர் என்று அங்கே பிரிக்கவே முடியாது. ஐரோப்பாவில் இது தலைகீழாகியிருக்கிறது. பார்ஸிலோனாவில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படும் பத்தாயிரம் வீடுகளின் உரிமத்தை 2028-க்குள் முடித்துவிடப்போவதாக 2024-இல் மேயர் அறிவித்தார். காரணம், உள்ளூர்க்காரனுக்கு வீடு இல்லை. உள்ளூர் வாழ்க்கையைத் தேடிப்போன பயணிகள் அதன் படுக்கையறையில் படுத்துக்கொண்டார்கள். வெனிஸின் பழைய நகரத்தில் 2022-இல் ஜனத்தொகை ஐம்பதாயிரத்துக்குக் கீழே போய்விட்டது.

இதைவிட ஆழமான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஒருவர் வீட்டில் உண்மையாகவே விருந்தாளியாக இருந்தவன் கடன்பட்டவன். அது தீராத கடன். என்றாவது அவர் மகன் நம் வாசலில் வந்து நிற்பான் என்ற எதிர்பார்ப்பில் தொங்கிக்கொண்டிருப்பது. பில் கட்டியவனுக்கு இந்தக் கடன் இல்லை. மனிதர்களுக்கிடையே முக்கியமான ஏதோ ஒன்று இந்த இடத்தில் அறுந்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் யாத்திரீகர்கள் கிழவியின் வீட்டுக்கும் பில்தான் கட்டுகிறார்கள். கடன் இல்லாமல் விருந்தாளியாக வேண்டும் என்பது அவர்கள் ஆசை. செயின் ஹோட்டலில் தங்குபவன் இந்த மட்டுக்கும் நேர்மையானவன். தான் வாங்கியது ஓர் அறை என்று அவனுக்குத் தெரியும். காண்ட் 1795-இல் எழுதிய ‘நிரந்தர அமைதி’க் கட்டுரையில் அந்நியனுக்குக் கேட்டது இவ்வளவுதான்: வந்தவனை விரோதியாக நடத்தக்கூடாது. விருந்தாளியாக ஏற்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தவில்லை. முன்பு இது கஞ்சத்தனமாகப் பட்டது. ஷெங்கன் விசாவுக்கு மனுப் போடுகிறவன் எங்கே தங்குவாய் என்பதற்கு அத்தாட்சி கொடுத்த பிறகே பரிசீலிக்கப்படும் காலத்தில் அந்தக் குறைந்தபட்சமே பெரிதாகத் தெரிகிறது.

கேள்வி கேட்காத வாசல் என்று செயினையும் இப்போது சொல்ல முடியவில்லை. 2025 ஜனவரியில் ஓயோ மீரட் நகரில், மணமாகாத ஜோடிகளிடம் உறவுக்கு அத்தாட்சி கேட்கலாம், மறுக்கவும் செய்யலாம் என்று தன் விடுதிகளுக்கு அனுமதி கொடுத்தது. உள்ளூர் உணர்வுகளை மதிப்பதாகச் சொன்னது. அதற்கு முன்பே 2019-இல், கோவையில் மணமாகாத ஜோடி தங்கியது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டு மூடப்பட்ட விடுதியைத் திறக்கச் சொன்ன சென்னை உயர்நீதிமன்றம், அப்படித் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்றது. முகமற்ற கம்பெனிக்கு உள்ளூர் முகம் முளைக்கிறபோது அது இந்த இடத்தில்தான் முளைக்கிறது.

லாட்ஜ் பதிவேடுகளில் பெயர், தகப்பனார் பெயர், முகவரிக்குப் பிறகு ‘வந்த நோக்கம்’ என்று ஒரு கட்டம் உண்டு. மகனைச் சேர்க்க வந்தவர், நேர்முகத் தேர்வுக்கு வந்தவர், மருத்துவமனையில் யாரையோ படுக்க வைத்திருப்பவர், வீட்டைவிட்டு வந்துவிட்ட ஜோடி, பெரும்பாலும் எல்லோரும் எழுதுவது ‘சொந்த வேலை’. கவுண்டரில் இருப்பவர் அதைப் படிப்பதுகூட இல்லை. ஆதார் நகலை வாங்கி வைத்துக்கொண்டு சாவியை எடுத்துக் கொடுக்கிறார்.