வளர்ந்த பிள்ளையும் வந்த பணமும்

தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்பது தமிழர் வழக்கு. பிள்ளை வளர்ந்துவிட்டான் என்பதைத் தாய் ஒரே நாளில் அறிவதில்லை. சட்டை சிறுத்துப் போவதிலும், குரல் மாறுவதிலும், முதற் சம்பளத்தை அவன் கையில் கொண்டுவந்து வைப்பதிலும் சிறிது சிறிதாக அறிகிறாள். சட்டமோ அதனை ஒரே நாளில் அறிந்துவிடுகிறது. மலேசியாவில் 1971ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டம், 18 வயது நிறைந்தவரை வயது வந்தவராகக் கொள்கிறது. தாயின் அறிதலுக்கும் சட்டத்தின் அறிதலுக்கும் இடையே உள்ள இடைவெளியில் ஓர் அறச்சிக்கல் முளைக்கிறது. அதனை ஆராய்வது இன்று வேண்டற்பாலது.

புக்கிட் மெர்தாஜாமில் மலிவு விலை அடுக்குமாடி வீடொன்றில் வாழும் கைம்பெண் ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். அவளுக்குப் பெயர் வேண்டுவதில்லை. அவளைப் போன்றோர் ஆல்மாவிலும் உளர், மாச்சாங் பூபோக்கிலும் உளர். துப்புரவுப் பணி செய்து பிழைக்கிறாள். மகன் படிக்கும் பிள்ளை என்பதனால் மாதந்தோறும் ஓர் உதவித் தொகை வருகிறது. அவன் ஐந்தாம் படிவம் முடித்துப் பிறையிலுள்ள தொழிற்சாலையொன்றில் வேலைக்குச் சேர்கிறான். வயதும் 18 நிறைகிறது. ஆயினும் பணம் நிற்கவில்லை. முன்போலவே வங்கிக் கணக்கில் சேர்கிறது. அரிசிக்கும் மின் கட்டணத்திற்கும் செலவாகிறது. ஓராண்டு கழித்து ஒரு கடிதம் வருகிறது: மிகையாகப் பெற்ற தொகையைத் திருப்பித் தருக! அவள் குற்றவாளியா, கடனாளியா, இரண்டும் அல்லளா? இதுவே வினா.

இச்சிக்கல் ஓர் ஊருக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் 1980களின் தொடக்கத்தில் ஏற்பட்ட வாடகை உதவித் திட்டம் இதற்குத் தெளிவான சான்று. அங்கே, குழந்தை என்னும் கணக்கிலிருந்து நீங்கிய பிள்ளை பெற்றோர் வீட்டிலேயே தங்கினால், அவன் வாடகைக்குப் பங்கு தருவான் எனக் கருதிப் பெற்றோரின் உதவித் தொகையில் ஒரு பகுதியைக் குறைப்பர். சில விலக்குகள் உண்டெனினும், அவன் உண்மையில் தருகிறானா என்று பார்ப்பதில்லை. மாற்றத்தைத் தெரிவிக்கத் தவறினால், இடைக்காலத்தில் பெற்றது மிகைத் தொகையாகும். எனினும் அத்திட்டத்தில் ஒரு நல்ல விதி இருந்தது. பிழை அலுவலகத்தினுடையதாக இருந்து, பெற்றவர் அதனை உணர்ந்திருக்க நியாயமில்லை என்றால், அத்தொகையைத் திரும்பப் பெறலாகாது. 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த புதிய திட்டத்தில் அந்த இரக்கம் சுருங்கியது. அலுவலகப் பிழையால் வந்த மிகையையும் திரும்பப் பெற அரசு உரிமை பெற்றது.

மலேசியத் தமிழர்க்கு இதில் வேறொரு நினைவும் உண்டு. தோட்டத்து லயத்து வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. தகப்பன் ஓய்வு பெற்றால் வீட்டையும் விடவேண்டும். வளர்ந்த பிள்ளை அதே தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தால் வீடு நிலைக்கும். அதனால் படிப்பைப் பாதியில் விட்டுப் பால்வாளியைத் தூக்கிய பிள்ளைகள் பலர். அன்று வளர்ந்த பிள்ளை வீட்டைக் காத்தான். இன்றோ, மாதம் 124 வெள்ளி வாடகைக்கு வீடு தரும் மக்கள் வீடமைப்புத் திட்டமும் குடும்ப வருமானத்தைப் பார்த்தே வீடு ஒதுக்குகிறது. அதனால் பிள்ளையின் சம்பளமே வீட்டிற்கு இடராகுமோ என்று தாய் அஞ்சுகிறாள். காலம் மாறியது, பிள்ளையின் வயதில் வீட்டின் நிலை தொங்கும் கொடுமை மட்டும் மாறவில்லை.

இனி அறத்தை நோக்குவோம். அந்தப் பணம் யாருடையது? அரசுடையது எனலாம், ஆனால் அது முழு விடையன்று. அது பொதுப்பணம். வரிசையில் காத்திருக்கும் மற்றொரு கைம்பெண்ணின் பங்கும் அதில் உண்டு. எனவே மிகையைத் தன்னுடையது எனக் கொள்ளுதல் ஆகாது. வள்ளுவர் வெஃகாமைக்குத் தனி அதிகாரம் வகுத்தது, பிறர் பொருளை எடுப்பதற்கு முன்னரே அதனை விரும்பும் நெஞ்சைத் திருத்துவதற்கன்றோ?

ஆயினும் பெற்றவர் எல்லாரும் ஒரு தன்மையர் அல்லர். அறிந்து மறைத்தவர் ஒருவகை; அவர் திருப்பித் தருவதே முறை. அறியவே இயலாதவர் மற்றொரு வகை. அவர் கடனாளியாகலாம், குற்றவாளி ஆகார். இவ்விருவருக்கும் இடையே மூன்றாமவர் ஒருவர் உண்டு. ஏதோ தவறு என ஐயுற்றும், கேட்டால் நின்றுவிடுமோ என அஞ்சி வாய் திறவாதவர். பெரும்பாலோர் இவ்வகையினரே. வறுமை இவ்வாறு ஊமையாக்கும்போது, அந்த மௌனத்தைப் பொய் எனத் தள்ளுவதும் பிழை. வாய்மை எனக் கொள்வதும் பிழை.

வழங்குவோர்க்கும் கடமை உண்டு. பிறந்த நாள் பதிவேட்டிலேயே இருக்கிறது. 18 நிறையும் நாளைத் தாயைவிடத் துல்லியமாக அறிந்திருப்பது அலுவலகமே. அறிந்தவர் உணர்த்தாமல் இருந்து, அறியாதவரை ஒறுத்தல் செங்கோன்மை ஆகாது. ஆராயாது கோவலனைக் கொல்வித்த பாண்டியன் தன் பிழை உணர்ந்து அரியணையிலேயே உயிர் நீத்ததாகச் சிலம்பு காட்டுகிறது. நெதர்லாந்தில் குழந்தைக் காப்பு உதவி பெற்ற பல்லாயிரம் பெற்றோரை ஏமாற்றுக்காரர் எனத் தவறாகக் கருதிப் பணத்தைத் திரும்பக் கேட்டு வறுமையில் ஆழ்த்தினர். அது வெளிப்பட்டபின், 2021 ஜனவரியில் அந்நாட்டு அமைச்சரவையே பதவி துறந்தது. ஆராயாமையின் விலை எக்காலத்தும் பெரிதே.

பிள்ளைக்கும் இதில் பங்குண்டு. சோற்றுக்குக் கணக்குக் கேட்கும் தாய் தமிழ் வீட்டில் இல்லை. அவள் கேட்கமாட்டாள் என்பதனாலேயே மகன் கேளாமற் கொடுத்தல் வேண்டும். சட்டம் அவன் பங்கைக் கற்பனையாகக் கணக்கிடுகிறது. அக்கற்பனையை அவன் மெய்யாக்கினால், உதவித் தொகை குறைந்தாலும் அடுப்பு அணையாது.

ஆக, மிகையைத் திருப்பித் தருதல் நேர்மை. உலை அணையாத அளவில் சிறு சிறு தவணையாகப் பெறுதல் நீதி. அறியாதவர்க்குத் தள்ளுபடி செய்தல் அருள். மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் பொது அறம் நிற்கும்.

அக்கடிதம் மலாய் மொழியில் வருகிறது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய தாய், அதனைச் சாமிப்படத்தின் பின்னே செருகி வைக்கிறாள். படித்துச் சொல்ல ஆளில்லாத நாளெல்லாம் கடன் வளர்கிறது. அதனைப் படித்துச் சொல்லும் ஆசிரியரும், உடன் சென்று அலுவலகத்தில் பேசும் மாணவரும் அவ்வூரில் இருப்பின், அவள் அஞ்சி வாய்மூடி இருக்க நேராது. கற்ற கல்விக்கு அதனினும் சிறந்த பயன் வேறு யாது?