கல்வி: உரிமையா, கடமையா?

தொடக்கப் பள்ளியில் பயிலும் குழந்தைக்கு உலகப் படத்தை விரித்து மலைகளையும் ஆறுகளையும் காட்டுகிறோம். அந்தப் படத்தில் உள்ள நாடுகளிலெல்லாம் தன் வயதுக் குழந்தைகள் வாழ்கிறார்கள் என்பதையும், அவர்களுள் பலர் பள்ளி வாசலை மிதிக்க இயலாத நிலையில் இருக்கிறார்கள் என்பதையும் அக்குழந்தைக்கு எவ்வாறு சொல்வது? எட்டு, ஒன்பது வயதில் இதையெல்லாம் சொல்லத்தான் வேண்டுமா? பெற்றோரும் ஆசிரியரும் நிதானமாகச் சிந்திக்க வேண்டிய வினா இது.

சொல்ல வேண்டும் என்பதை உலக நாடுகள் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டன. 1948 டிசம்பர் 10 அன்று ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் 26-ஆம் பிரிவு, கல்வி ஒவ்வொருவருக்கும் உரியது என்றும், தொடக்கக் கல்வி கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்றும் கூறுகிறது. 1989 நவம்பர் 20 அன்று நிறைவேறிய குழந்தை உரிமைகள் உடன்படிக்கை இதை மேலும் விரித்துரைத்தது. இந்தியா 1992-ல் அதை ஏற்றது. இந்த உரிமைகளைப் பெரியவர்களுக்கு மட்டுமன்றிக் குழந்தைகளுக்கும் நன்கு தெரியப்படுத்துவது அரசுகளின் பொறுப்பு என்று அதன் 42-ஆம் பிரிவு விதிக்கிறது.

ஆகவே, எப்படிச் சொல்வது என்பதே எஞ்சி நிற்கும் கேள்வி. அறம் சார்ந்த சிக்கல் இருப்பதும் அங்கேதான்.

தவறும் இடங்கள்

‘பார், எத்தனையோ குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடமே இல்லை. உனக்கு எல்லாம் கிடைத்தும் படிக்க மாட்டேன் என்கிறாயே!’ பல வீடுகளில் நாம் கேட்கும் சொற்கள் இவை. சொல்பவரின் நோக்கம் நல்லதுதான். ஆயினும், இங்கே ஏழைக் குழந்தையின் துன்பம் நம் குழந்தையை அடிக்கும் பிரம்பாகிவிடுகிறது. அந்தக் குழந்தைக்காக நாம் கவலைப்படவில்லை. நம் குழந்தையின் மதிப்பெண்ணுக்காகவே கவலைப்படுகிறோம். இதைக் குழந்தை எளிதில் உணர்ந்துகொள்ளும்.

மற்றொரு வழி, இரக்கத்தை ஊட்டுவது. கிழிந்த ஆடையும் வாடிய முகமுமாக ஒரு படத்தைக் காட்டி, ‘ஐயோ பாவம்’ என்று சொல்லச் செய்து, உண்டியலில் ஒரு நாணயத்தைப் போட வைக்கிறோம். ஈகை உயர்ந்த குணமே. ஆனால் அந்த ஒரு பாடத்தோடு நிறுத்திவிட்டால், கொடுப்பவன் தான், பெறுபவன் அவன் என்ற எண்ணம் பிஞ்சு மனத்தில் வேர்விடுகிறது. உரிமை என்பது பிச்சையாகப் பெறுவதன்று. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொந்தமான பொருள் நம் வீட்டில் தங்கிவிட்டால் அதைத் திருப்பித் தருவதைத் தானம் என்று யாரும் சொல்வதில்லையே!

மூன்றாவது தவறு இன்னும் நுட்பமானது. கல்வியின் பெருமையைச் சொல்லிச் சொல்லி, கல்லாதவர் தாழ்ந்தவர் என்ற எண்ணத்தை நாம் அறியாமலேயே விதைத்துவிடுகிறோம். கைநாட்டு வைக்கும் பாட்டியைப் பேரன் ஏளனமாகப் பார்ப்பானாகில், அவன் கற்ற கல்வி எங்கோ பழுதுபட்டுவிட்டது என்றே பொருள். பாட்டிக்கு அறிவு குறைவில்லை. அவளுக்கு உரியது அவளுக்குத் தரப்படவில்லை என்பதே அவன் அறிய வேண்டிய செய்தி.

காந்தியடிகளின் விடை

1947-ல் யுனெஸ்கோ நிறுவனம் மனித உரிமைகளின் தத்துவ அடிப்படை குறித்து உலகச் சிந்தனையாளர் பலரிடம் கருத்துக் கேட்டது. அதன் தலைமை இயக்குநரான ஜூலியன் ஹக்ஸ்லிக்குக் காந்தியடிகள் மே மாதத்தில் ஒரு சிறு கடிதம் எழுதினார். உரிமைகள் யாவும் நன்கு ஆற்றப்பட்ட கடமையிலிருந்தே பிறக்கின்றன என்பது அதன் சாரம். இதைத் தாம் கற்றுக்கொண்டது, எழுத்தறிவு இல்லாத, ஆனால் ஞானம் நிறைந்த தம் அன்னையிடமிருந்து என்றும் அவர் குறிப்பிட்டார். உலகின் பேரறிஞர்கள் கூடி விவாதித்த வினாவுக்கு, பள்ளி சென்றறியாத ஒரு தாயின் வாயிலாக விடை கிடைத்தது!

ஆனால் இந்த விடையைக் கல்வியுரிமையோடு பொருத்தும்போது ஓர் ஐயம் எழுகிறது. ஆறு வயதுக் குழந்தை எந்தக் கடமையை ஆற்றிவிட்டுத் தன் உரிமையைக் கேட்க முடியும்? செங்கல் சூளையில் பெற்றோரோடு இருக்கும் சிறுமியிடம் ‘முதலில் உன் கடமையைச் செய்’ என்று சொல்வது கொடுமை அல்லவா? அவள் பிறந்துவிட்டாள் என்பதைத் தவிர வேறு தகுதி எதையும் அவளிடம் கேட்க நமக்கு உரிமையில்லை.

இந்த ஐயத்தைத் தொடர்ந்து சிந்தித்தால் காந்தியடிகளின் கருத்தின் ஆழம் விளங்கும். குழந்தையின் உரிமையும் கடமையிலிருந்தே பிறக்கிறது. அந்தக் கடமைதான் குழந்தையுடையது அன்று, பெரியவர்களுடையது. தந்தை, தாய், ஆசிரியர், அண்டை வீட்டார், அரசு ஆகிய எல்லோரும் தத்தம் பங்கை ஆற்றும்போதுதான் அவள் கையில் புத்தகம் வந்து சேர்கிறது. ஒருவர் தவறினாலும் அவளது உரிமை காகிதத்தில் தங்கிவிடுகிறது.

ஒரு நூற்றாண்டுக் காத்திருப்பு

நம் நாட்டின் வரலாறே இதற்குச் சான்று. 1911 மார்ச் மாதத்தில் கோபால கிருஷ்ண கோகலே தொடக்கக் கல்வியைப் படிப்படியாகக் கட்டாயமாக்கும் மசோதாவை அன்றைய மத்திய சட்டசபையில் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு அது தோற்கடிக்கப்பட்டது. ஆதரித்தவர்கள் 13 பேர். எதிர்த்தவர்கள் 38 பேர். 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனம், பத்தாண்டுகளுக்குள் பதினான்கு வயது வரையுள்ள அனைவருக்கும் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி வழங்க அரசு முயல வேண்டும் என்று 45-ஆம் பிரிவில் கூறியது. பத்தாண்டுகள் கடந்தன, பணி முடியவில்லை.

2002-ல் நிறைவேறிய 86-ஆவது திருத்தம்தான் 6 முதல் 14 வயது வரையுள்ளோரின் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதற்கான சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. கோகலேயின் முயற்சியிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ நூறு ஆண்டுகள்!

இத்திருத்தத்தில் பலரும் கவனியாத ஒரு சிறப்பு உண்டு. கல்வியை உரிமையாக்கிய அதே திருத்தம், குழந்தைக்குக் கல்வி பெறும் வாய்ப்பை அளிப்பது பெற்றோர் அல்லது பாதுகாவலரின் அடிப்படைக் கடமை என்றும் சேர்த்தது. குழந்தைக்கு உரிமை, பெரியவருக்குக் கடமை. இரண்டும் ஒரே நாளில் எழுதப்பட்டன.

வகுப்பறையில் சொல்லத்தக்கவை

இத்தெளிவோடு வகுப்பறைக்குள் சென்றால், உலகக் குழந்தைகளின் கதையைத் துன்பப் பட்டியலாகச் சொல்ல வேண்டியிராது. தடை எது, அதை நீக்கியவர் யார் என்ற இரண்டு கேள்விகளோடு சொல்லலாம்.

கென்யாவில் கட்டணமே தடையாக இருந்தது. 2003-ல் அரசு தொடக்கக் கல்விக் கட்டணத்தை நீக்கியதும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் புதிதாகப் பள்ளிக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு கிமானி மருகே என்ற 84 வயது முதியவரும் சீருடை அணிந்து, முதல் வகுப்பில் சிறுவர்களோடு அமர்ந்தார். பெற்றோர் தம் பிள்ளைகளைப் படிக்க வைக்க விரும்பவில்லை என்று அதுவரை சொல்லப்பட்ட பழி ஒரே ஆண்டில் பொய்த்துப் போயிற்று.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் தோலின் நிறம் தடையாயிற்று. 1960 நவம்பர் 14 அன்று ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுச் சிறுமி, அதுவரை வெள்ளையர் மட்டுமே பயின்ற பள்ளிக்கு அரசுக் காவலர் சூழ நடந்து சென்றாள். வெள்ளையர் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்றுவிட்டனர். பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை ஓராண்டு முழுவதும் அவள் ஒருத்திக்காகவே வகுப்பு நடத்தினார். இக்கதையைச் சொன்னபின், ‘நீ அந்தப் பள்ளியில் படித்திருந்தால் என்ன செய்திருப்பாய்?’ என்று குழந்தைகளைக் கேட்கலாம். பாவம் என்று இரங்குவதைவிட, அவள் அருகில் சென்று அமர்வது கடினமான செயல் என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

ஆப்கானிஸ்தானில் 2021-ல் ஆட்சி மாறியபின், ஆறாம் வகுப்பைக் கடந்த சிறுமியருக்குப் பள்ளிக் கதவு அடைக்கப்பட்டது. ஒரு முறை பெற்ற உரிமையும் பறிபோகலாம் என்பதை இது காட்டுகிறது. உலகில் பள்ளிக்கு வெளியே உள்ள சிறுவரும் இளையோரும் 25 கோடிக்கும் அதிகம் என யுனெஸ்கோ மதிப்பிடுகிறது. இந்த எண்ணைக் குழந்தையால் கற்பனை செய்ய இயலாது. பெயரும் ஊரும் உள்ள ஒரு குழந்தையை அதனால் நினைவில் வைத்துக்கொள்ள இயலும்.

நம் நாட்டுப் பங்கையும் சொல்லலாம். மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவு, ஆண்களை மட்டும் குறிப்பதாகப் பொருள்படாமல் மனிதர் அனைவரையும் குறிக்குமாறு மாற்ற வலியுறுத்தியவர் இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா. அந்த ஒரு சொல்லின் நிழலில் உலகத்துச் சிறுமியர் அனைவரும் நிற்கிறார்கள்.

குழந்தை திரும்பிக் கேட்கும்போது

இவ்வளவும் கேட்டபின் குழந்தை சும்மா இராது. ‘டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறானே, அந்த அண்ணன் ஏன் பள்ளிக்கு வரவில்லை?’ என்று கேட்கும். ‘நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவின் மகள் எந்த வகுப்பில் படிக்கிறாள்?’ என்று கேட்கும். 14 வயதுக்குட்பட்டோரைப் பிறர் வேலைக்கு அமர்த்துவதை 2016-ன் சட்டத் திருத்தம் தடைசெய்துள்ளது. சட்டம் நமக்குத் தெரியும். அந்தச் சிறுவனையும் தெரியும். அவன் கழுவித் தந்த கிளாஸில்தான் நாம் தேநீர் அருந்துகிறோம்.

தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நான்கில் ஒரு பங்கு இடம் நலிந்த பிரிவினரின் குழந்தைகளுக்கு உரியது என்று கல்வியுரிமைச் சட்டம் கூறுகிறது. அவ்வாறு வந்த மாணவனோடு சேர்ந்து உண்ண வேண்டாம் என்று வீட்டில் மெல்லச் சொல்லி அனுப்பினால், ரூபியின் வகுப்பைக் காலி செய்த பெற்றோருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

தொலைதூர நாட்டுக் குழந்தைக்காக இரங்குவது எளிது. அது நம்மிடம் எதையும் கேட்பதில்லை. அருகில் இருக்கும் குழந்தை நம் வசதியில் சிறிதைக் கேட்கிறது. நம் குழந்தையின் கேள்விக்கு ‘அதெல்லாம் பெரியவர்கள் விஷயம்’ என்று சொல்லி வாயடைத்தால், வகுப்பில் கற்ற பாடம் தேர்வோடு முடிந்துவிடும். பேசுவது வேறு, வாழ்வது வேறு என்ற மற்றொரு பாடம் வாழ்நாள் முழுதும் நிலைக்கும்.

மனிதன் சில கடன்களோடு பிறக்கிறான் என்றனர் நம் முன்னோர். அவற்றுள் ரிஷிகளுக்குப் பட்ட கடன் கற்பதாலும், கற்றதைப் பிறருக்கு அளிப்பதாலுமே தீரும். குழந்தைக்கு அதன் வயதுக்கேற்ற கடனே போதும். புதிதாக வந்தவனுக்குப் பலகையில் இடம் விடுவது, பின்தங்கியவனுக்கு ஒரு கணக்கைச் சொல்லித் தருவது, பாட்டிக்குக் கையெழுத்துப் போடக் கற்றுத் தருவது என்று அது தொடங்கட்டும். தேநீர்க் கடைச் சிறுவனைப் பற்றிக் கடைக்காரரிடமும், அவன் பெற்றோரிடமும், தலைமையாசிரியரிடமும் பேச வேண்டிய கடன் நம்முடையது. அதைச் சிறு தோள்களில் ஏற்றிவிட்டு நாம் ஒதுங்கலாகாது.

இன்று மாலை நம் குழந்தை அக்கேள்வியைக் கேட்குமாயின், விடையை வாயால் சொல்லாமல், அதன் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கடை வரை நடப்போமாக.